லூஸில் விற்கும் பெரியவர் டயப்பர்: இடுப்பு எலாஸ்டிக்கை இழுத்துப் பார்க்காமல் வாங்காதீர்கள்

வீட்டில் படுக்கையோடு இருக்கும் பெரியவர் யாராவது இருந்தால், இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இதே சரக்கு அந்த ஒரு கடையில் மட்டும்தான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அப்பாவுக்கு 78 வயது. குடியாத்தத்தில் நாற்பது வருஷத்துக்கு மேல் கைலி நெய்தவர். சித்திரைக் கடைசியில் பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்து, இடுப்புகிட்ட தொடை எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன் முடிந்து சத்துவாச்சாரியில் என் வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ஆறு வாரம் கால் ஊன்றக்கூடாது என்றார்கள். டயப்பர் என்றதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சரி, அது வேறு கதை.

ஆஸ்பத்திரியில் வாங்கிய பாக்கெட் தீர்ந்ததும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பத்து பீஸ் 450 ரூபாய், நாளைக்கு நாலு, மாசத்துக்கு 5,400. வயிற்றைக் கலக்கியது. வேலூரில் ஆஸ்பத்திரிகளைச் சுற்றி சர்ஜிகல் கடைகளுக்குப் பஞ்சமா? ஒரு கடையில் விசாரித்தபோது, கண்ணாடிக் கவரில் கட்டி வைத்திருந்த 50 பீஸை எடுத்துப் போட்டார். 1,100 ரூபாய். "எக்ஸ்போர்ட் மிச்சம் மேடம். அதே சரக்குதான். பாக்கெட்டுல இருக்குற படத்துக்குத்தான் நீங்க காசு குடுக்குறீங்க."

நான் தயங்கியதைப் பார்த்து ஒன்றைப் பிரித்து மேஜைமேல் விரித்தார். நடுவில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றினார். அரை நிமிஷம் கழித்து டிஷ்யூ பேப்பரை வைத்து அழுத்திக் காட்டினார். பேப்பரில் ஈரமே இல்லை. நான் அசந்துபோனேன். ஜிபேயில் காசைப் போட்டுவிட்டு, பெரிய சாமர்த்தியசாலி மாதிரி பஸ் ஏறினேன்.

அந்தத் தண்ணீர் வித்தையில் பொய் எதுவும் இல்லை, அதுதான் விஷயமே. டயப்பர் நடுவில் பஞ்சோடு கலந்திருக்கும் பவுடர், தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீரை இழுத்துக் கூழாகிவிடும். அது ஒழுங்காகத்தான் இருந்தது. ஆனால் மேஜைக்கு ஏது இடுப்பு? அது புரளாது, இருமாது, கஞ்சி குடிக்க எழுந்து சாயாது.

முதல் ராத்திரியே மூன்று முறை பெட்ஷீட் மாற்றினோம். டயப்பர் பாதிகூட நனையவில்லை, முதுகுப் பக்கம் மட்டும் சொதசொதவென்று ஈரம். சைஸ் சின்னது போலிருக்கிறது என்று மறுநாள் வேறு கடையில் எக்ஸ்எல் வாங்கிவந்தேன். அது இன்னும் மோசம், தொடைப் பக்கமும் ஒழுகியது. திரும்பப் பழைய கவரையே எடுத்து, இடுப்பின் இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை இறுக்கி ஒட்டினேன். வயிற்றில் சிவப்பாகக் கோடு விழுந்ததுதான் மிச்சம், பின்பக்கம் மூன்று விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி அப்படியே இருந்தது. ஒவ்வொரு முறை ஒழுகும்போதும் அவரைப் பக்கவாட்டில் புரட்ட வேண்டும். ஆபரேஷன் செய்த காலோடு புரட்டும்போது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் கம்பியைப் பிடிப்பார். அக்னி நட்சத்திரம் வேறு. வேலூர் வெயிலில் ஃபேன் காற்றே அனலாக வரும். மூன்றாம் நாள் முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் தோல் சிவந்துவிட்டது.

டிரெஸ்ஸிங் செய்ய வந்த சிஸ்டர் அதைப் பார்த்ததும் ஒரு புது டயப்பரைக் கேட்டு வாங்கினார். நடுப்பகுதியைத் தொடவே இல்லை. பின்பக்க இடுப்பு விளிம்பை இரண்டு கையாலும் இழுத்து விட்டார். இழுத்த நீளத்திலேயே தொங்கியது. "அக்கா, இதுல எலாஸ்டிக்கே வேலை செய்யலியே" என்றார்.

அப்புறம் அவர் விளக்கியதை என் வார்த்தையில் சொல்கிறேன். மூத்திரம் ஒரே வீச்சில் வரும்போது பவுடர் அதை உறிஞ்சி முடிக்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அதுவரை அது மேலாகவே ஓடிக்கொண்டிருக்கும். தொடைப் பக்கம் ஓடாமல் கால் ஓரத்து எலாஸ்டிக்கும் நிமிர்ந்து நிற்கும் மடிப்பும் தடுக்கும். மல்லாந்து படுத்திருப்பவருக்கு ஓட்டம் முதுகுப் பக்கம்தான், அங்கே தடுக்க இருப்பது இடுப்பு எலாஸ்டிக் ஒன்றுதான். வயிற்றுப் போக்கு என்றால் சொல்லவே வேண்டாம். ஆளை நிமிர்த்தி உட்காரவைத்தால் வயிறு மடியும், இடுப்பின் சுற்றளவு மாறும். படுக்கவைத்தால் திரும்பவும் மாறும். டேப் ஒட்டிய இடத்திலேயே நிற்கும், அதற்கு இந்த ஏற்ற இறக்கம் தெரியாது. கூடவே விரிந்து கூடவே சுருங்குவது எலாஸ்டிக். அது சரியாக இருந்தால் டேப்பை இறுக்கவே வேண்டாம், இரண்டு விரல் நுழைகிற மாதிரி ஒட்டினால் போதும். நனைந்து கனத்த டயப்பர் கீழே சரியாமல் பிடித்துக்கொள்வதும் அதுதான்.

நான் இத்தனை நாள் அதை ஏதோ அழகுக்கு வைத்த சுருக்கம் என்று நினைத்திருந்தேன்.

சிஸ்டர் போன பிறகு கத்தரிக்கோலால் அந்த விளிம்பைப் பிரித்துப் பார்த்தேன். சேமியா மாதிரி மூன்று ரப்பர் இழைகள். ஒட்டியிருந்த பசை விட்டுப்போய், மூன்றும் ஒரு மூலையில் சுருண்டு கிடந்தன. இன்னும் இரண்டைப் பிரித்தேன். ஒன்றில் அதே கதை. மற்றதில் இழையே இல்லை, சுருக்கம் மட்டும் அச்சுக் குத்தின மாதிரி இருந்தது. அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன். நெசவுக்காரர் விரல், ஓரத்தை நிதானமாகத் தடவிப் பார்த்தது. "இன்னாம்மா இது, ரிஜக்ட் பீஸு. இடுப்புல நிக்காததை எவன் குடுத்தான் உனக்கு?" டயப்பரைப் பற்றி அவர் வாயைத் திறந்தது அன்றைக்குத்தான்.

1915-க்கு, அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். பில் இருக்கிறதா என்றார்கள். பில்லா? "டயப்பர் 50 - 1100" என்று பேனாவால் கிறுக்கிய ஒரு துண்டுச் சீட்டு இருந்தது, கடை பெயர்கூட இல்லாமல். கவரில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருஷம், எம்ஆர்பி எதுவும் கிடையாது. பாக்கெட் போட்டு விற்கும் பொருளில் இவையெல்லாம் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். எனக்கு அது வாங்குவதற்கு முன்னால் ஞாபகம் வரவில்லை. நல்லவேளை, ஜிபே கணக்கு போனில் இருந்தது. புகாரைப் பதிந்து எண் கொடுத்தார்கள்.

நீங்கள் வாங்கும்போது ஒரு பீஸையாவது பிரித்துக் காட்டச் சொல்லுங்கள். இழுக்காமல் வைத்தால் பின் இடுப்பு சுருங்கி நிற்க வேண்டும். இழுத்தால் நீள வேண்டும், விட்டால் பழையபடி சுருங்க வேண்டும். ஒரு தரம் இழுத்து ஏமாறாதீர்கள், ஐந்தாறு தரம் இழுங்கள். முன்பக்கமும் எலாஸ்டிக் இருந்தால் இன்னும் நல்லது. இடுப்பையும் புட்டத்தையும் டேப் வைத்து அளந்து, எது பெரிதோ அதற்கு சைஸ் வாங்குங்கள். பெரியதாக இருந்தால் சௌகரியம் என்று நான் செய்த தப்பைச் செய்யாதீர்கள். முழு இடுப்பும் எலாஸ்டிக்காக வரும் பேண்ட் மாடல் நடமாடுகிறவர்களுக்கு வசதி. படுத்தே இருப்பவருக்குக் காலைத் தூக்கி மாட்ட வேண்டியிருக்கும், அதனால் எங்களுக்கு டேப் மாடல்தான் ஒத்துவந்தது. நல்ல டயப்பருக்கு மாறியதும் ராத்திரிக்கு ஒன்று போதுமானதாக இருந்தது. நாளைக்கு ஆறு போட்டு, துவைத்துக் காயப்போட்டு நான் மிச்சம் பிடித்த லட்சணத்தை என் வீட்டுக்காரர் இன்னமும் சொல்லிக் காட்டுகிறார்.

மீதியிருந்த 31 பீஸை எடுத்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். "பிரிச்சா ரிட்டர்ன் இல்ல மேடம்" என்றார். எலாஸ்டிக்கை இழுத்துக் காட்டினேன். "பேஷண்டுக்கு சைஸ் சரியா பாத்து வாங்கணும்" என்று எனக்கே பாடம் எடுத்தார். புகார் எண்ணைக் காட்டினேன். கொஞ்சம் குரல் இறங்கியது. 682 ரூபாய் தர வேண்டியதற்கு ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்றை நீட்டினார். அப்பாவைத் தனியாக விட்டு வந்திருந்தேன், சண்டை போட நேரமில்லை, வாங்கிக்கொண்டேன்.

படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். அந்த 31 பீஸையும் அதே கவரில் அடுக்கி, வாயை முறுக்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி டப்பென்று விட்டு, பழைய தட்டிலேயே வைத்தார். அந்த ரப்பர் பேண்டு மட்டும் நன்றாகத்தான் பிடித்துக்கொண்டது.