தகனபலியா, சமாதான பலியா: மனமுவந்து கொடுக்கிற இஸ்ரவேலனுக்கு எது தகும்?

பைபிளின் பழைய ஏற்பாட்டுச் சட்டம் இஸ்ரவேலருக்கு வகுத்த பலிகளில், பாவநிவாரண பலியிலும் குற்றநிவாரண பலியிலும் கொடுக்கிறவனுக்குத் தெரிவு குறைவு. எந்தப் பிழைக்கு எதைக் கொண்டுவர வேண்டும் என்று சட்டமே சொல்லிவிடுகிறது. பொருத்தனையை (நேர்ந்துகொண்டதை) நிறைவேற்றவோ மனமுவந்து உற்சாகமாகவோ ஓர் ஆட்டை ஓட்டிவருகிறவனுக்குத்தான் இரண்டு வழி: மிருகம் முழுவதையும் எரிக்கிற சர்வாங்க தகனபலி, அல்லது கொழுப்பை எரித்து இறைச்சியைப் பகிர்ந்து உண்கிற சமாதான பலி. பலிச்சட்டங்களைச் சொல்லும் லேவியராகமத்தில் முதலில் வருவதாலும், முழுவதும் தேவனுக்கே போவதாலும் தகனபலியே மேலானது என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு குடும்பத்துக்கும் அதன் ஊருக்கும் சமாதான பலியே தகும்.

தொடக்கம் இரண்டிலும் ஒன்றுதான். பழுதற்ற மிருகம், தலையில் கை வைப்பதும் அறுப்பதும் கொடுக்கிறவன் வேலை, இரத்தத்தைப் பலிபீடத்தைச் சுற்றித் தெளிப்பது ஆசாரியன் வேலை. எண்ணாகமம் 15 கேட்கிற துணைக் காணிக்கையும் ஒன்றே. ஆட்டுக்குட்டிக்கு எப்பா என்ற தானிய அளவில் பத்தில் ஒரு பங்கு மெல்லிய மாவு, ஹின் என்ற திரவ அளவில் கால் ஹின் எண்ணெய், கால் ஹின் திராட்சரசம். காளைக்குப் பத்தில் மூன்று பங்கு மாவு, அரை ஹின் எண்ணெய், அரை ஹின் ரசம். எப்பாவை ஏறத்தாழ 22 லிட்டர் என்று கொண்டால் குட்டிக்கு இரண்டு லிட்டருக்குச் சற்று மேலான மாவு. செலவை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது.

தகனபலிக்கு வேண்டிய மிருகம் ஆணாகவே இருக்க வேண்டும். ஆடானால் பீடத்தின் வடபுறத்தில் அறுத்து, தோலுரித்து, துண்டு துண்டாக்கி, குடலையும் கால்களையும் தண்ணீரில் கழுவி எல்லாவற்றையும் எரிக்க வேண்டும். ஆசாரியனுக்குத் தோல் மட்டுமே. நெருப்பு இரவு முழுவதும் எரியும். காலையில் ஆசாரியன் சணல்நூல் அங்கி உடுத்திச் சாம்பலை எடுத்துப் பீடத்தின் பக்கத்தில் வைப்பான். பிறகு உடை மாற்றி, பாளையத்துக்கு வெளியே சுத்தமான இடத்துக்குக் கொண்டுபோவான். கொடுத்தவனுக்கு அதற்குமேல் அதில் கடமை இல்லை.

சமாதான பலிக்கு ஆணும் ஆகும், பெண்ணும் ஆகும். பீடத்துக்குப் போவது குடலைச் சுற்றிய கொழுப்பு, இரண்டு குண்டிக்காய்கள் (சிறுநீரகங்கள்), அவற்றின்மேல் உள்ள கொழுப்பு, கல்லீரலின்மேல் உள்ள ஜவ்வு ஆகியவை. செம்மறியானால் கொழுத்த வாலையும் முதுகெலும்பை ஒட்டி முழுவதுமாக அறுத்துச் சேர்க்க வேண்டும். தேவனுக்கு முன் அசைவாட்டும் மார்க்கண்டம் (நெஞ்சுப் பகுதி) ஆசாரியக் குடும்பமான ஆரோனின் வீட்டாருக்குப் பொது; வலது தொடை, இரத்தத்தையும் கொழுப்பையும் செலுத்திய அந்த ஆசாரியனுக்கு. அவர்கள் வீட்டுப் பெண்மக்களும் இதில் சாப்பிடலாம். மீதி இறைச்சி கொடுத்தவனுடையது.

அந்த மீதியை எத்தனை நாளில் தின்று முடிப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பொருத்தனை பலியும் உற்சாகபலியும் செலுத்தின நாளிலும் மறுநாளிலும் உண்ணப்படலாம். மூன்றாம் நாளில் மிஞ்சியிருப்பது நெருப்புக்கு. அந்த நாளில் யாராவது தின்றால், பலியே அங்கிகரிக்கப்படாது, கொடுத்தவன் கணக்கில் சேராது என்கிறது லேவியராகமம் 7. இரத்தமும் கொழுப்பும் முறையாகச் சேர்ந்த பிறகும், வீட்டுப் பானையில் நடக்கிற தவறு பலியைக் கெடுத்துவிடும். தீட்டான பொருளில் பட்ட இறைச்சியை எரித்துவிட வேண்டும். தீட்டுள்ளவன் தின்றால் ஜனத்திலிருந்து அறுப்புண்டு போவான்.

சமாதான பலியில் நன்றிக்காகச் செலுத்தும் ஸ்தோத்திர பலிக்குக் கெடு இன்னும் குறைவு. அன்றைக்கே உண்ண வேண்டும், விடியும்வரை எதையும் மீதி வைக்கக் கூடாது. கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா, தவறிவிடாதபடி நள்ளிரவையே எல்லையாக்கியது. இதோடு எண்ணெயில் பிசைந்த புளிப்பில்லா அதிரசங்கள், எண்ணெய் தடவிய அடைகள், பதப்படுத்திய மாவில் செய்த அதிரசங்கள், புளித்த அப்பம் என்று நான்கு வகை உண்டு. மிஷ்னாவின் கணக்கில் வகைக்குப் பத்தாக 40. வகைக்கு ஒன்று ஆசாரியனுக்குப் போக 36 மிஞ்சும். ஓர் ஆட்டின் மீதி இறைச்சியையும் 36 அப்பங்களையும் ஒரே இரவில் ஒரு குடும்பம் தின்று தீர்க்குமா? ஆட்களைக் கூப்பிட்டே ஆகவேண்டும். யாரைக் கூப்பிடுவது என்பதை உபாகமம் 12 சொல்கிறது: மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, நிலம் இல்லாத லேவியன். உப்பிட்டுப் பதுக்க இடம் கொடுக்காத இந்தக் கெடுதான் பலியைப் பந்தியாக்குகிறது. தகனபலியில் இதற்கு இடமே இல்லை. தேசத்தின் பெயரால் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றுமாக இரண்டு ஆட்டுக்குட்டிகள் தினமும் முழுவதுமாக எரிக்கப்பட்டன. தனி மனிதனும் அதையே செய்வதைவிட ஊரை உட்காரவைத்துச் சோறு போடுவது மேல் என்பேன்.

சமாதான பலியில் ஆசாரியன் கெடுக்கவும் வழி உண்டு. முதலில் கொழுப்பு எரிய வேண்டும், பிறகே பங்கு. சீலோ என்ற ஊரில், ஆசாரியன் ஏலியின் குமாரரும் ஆசாரியர்கள்; அவர்களுடைய வேலைக்காரன் மூன்று கூருள்ள ஆயுதத்தைக் கொதிக்கிற பானையில் குத்தி, வந்ததையெல்லாம் எடுத்துக்கொண்டான். கொழுப்பைத் தகனிப்பதற்கு முன்பே பச்சை இறைச்சியையும் கேட்டான். மறுத்தால் பலவந்தமாக எடுப்பேன் என்றான். அதனால் ஜனங்கள் காணிக்கையையே வெறுத்தார்கள். மார்க்கண்டமும் வலது தொடையும் என்று சட்டம் பெயர் சொல்லிப் பங்கு வகுத்திருப்பதன் அருமை அங்கே தெரிகிறது.

தகனபலிதான் சரி என்று நான் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர். ஆடு வாங்க வழியில்லாதவன் முதல் ஆள்: காட்டுப்புறா அல்லது புறாக்குஞ்சு தகனபலிக்கு ஏற்கப்படும், சமாதான பலியில் பறவைக்கு இடமில்லை. ஆசாரியனே அதன் தலையைக் கிள்ளி, இரத்தத்தைப் பீடத்தின் பக்கத்தில் சிந்தவிட்டு, இரைப்பையைப் பீடத்தின் கிழக்குப் பக்கத்துச் சாம்பல் இடத்தில் எறிந்து, செட்டைகளோடு இரண்டாக்காமல் பிளந்து எரிப்பான். இன்னொருவன், கூட உட்கார்ந்து சாப்பிட ஆளில்லாமல் தனியாக வந்தவன்.