டெம்பரேச்சர் முள் அசையாமல் நின்றால் சந்தோஷப்படாதீர்கள்

சுங்குவார்சத்திரம் தாண்டி ஒரு கிலோமீட்டர் போயிருப்போம். காஞ்சிபுரத்தில் மச்சினன் வீட்டு கிரகப்பிரவேசம். பின்சீட்டில் மாமியார், மடியில் பித்தளைக் குத்துவிளக்கு. திடீரென்று ஏசியிலிருந்து ஒரு இனிப்பு வாடை. "யாரு இங்க பாகு காய்ச்சறா?" என்றார் மாமியார். டேஷ்போர்டில் இன்ஜின் சூட்டைக் காட்டும் டெம்பரேச்சர் முள்ளைப் பார்த்தேன். ஜம்மென்று நடுவில் நின்றது. ஏதோ ஃபேக்டரி வாசனை என்று விட்டுவிட்டேன். அடுத்த சில நிமிடங்களில் பானெட்டின் இரு ஓரத்திலும் ஆவி. இழுவை குறைந்து, குலுங்கி, வண்டி நின்றது. முள் மட்டும் அப்போதும் நடுவில்தான் இருந்தது.

என்னுடையது 2006 மாடல் பெட்ரோல் செடான். பதினைந்து வருடம் முடிந்து ஆர்.சி. புதுப்பித்த வண்டி. ஆபீஸ் நண்பரின் பெரியப்பாவிடமிருந்து 1,35,000 ரூபாய்க்கு வாங்கினேன். அவர்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. டயர் தேய்ந்திருப்பதைக்கூட அவரே சொல்லித்தான் விற்றார்.

போன வருடம் கத்திரி வெயிலில் தொந்தரவு தொடங்கியது. ஜி.எஸ்.டி. ரோட்டில் பல்லாவரத்துக்கும் குரோம்பேட்டைக்கும் நடுவே நெரிசலில் ஏசி போட்டு ஊர்ந்தால் முள் சிவப்புக் கோட்டுக்குப் பக்கத்தில் போய்விடும். ஏசியை அணைத்தால் கொஞ்சம் இறங்கும். வேளச்சேரி பக்கம் ஒரு பட்டறையில் காட்டினேன். சுத்தமான ஷெட், பேச்சு அதைவிடச் சுத்தம். "கூலண்ட் பழசு சார்" என்று, இன்ஜினைக் குளிர்விக்கும் அந்த இனிப்பு வாடைத் திரவத்தை மாற்றினார், 2,200 ரூபாய். பத்து நாளில் மறுபடி அதே கதை. "ரேடியேட்டர் அடைச்சிருக்கு." புதுசு போட்டதாக 7,800. பழையதைக் கேட்டதற்கு, "அது அப்பவே காயலான் கடைக்குப் போயிடுச்சு சார்" என்றார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

மூன்றாவது முறை ஃபேனை டைரக்ட் செய்தார். சாவி போட்டால் ஃபேன் நிற்காமல் சுற்றும். அதோடு தெர்மோஸ்டாட்டையும் கழற்றிவிட்டார். "நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு சார்? பனி பெய்ற ஊருக்குத்தான் தெர்மோஸ்டாட்." இதைச் சென்னையில் பல பட்டறைகளில் கேட்டிருப்பீர்கள். தண்ணீர் சுமார் 82 டிகிரிக்குச் சூடாகும் வரை ரேடியேட்டருக்குப் போகாமல் மூடி வைப்பதும், அதற்கப்புறம் திறந்துவிடுவதும்தான் அதன் வேலை. எடுத்துவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வருவதற்கே நேரமாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும். இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். அன்று தலையை ஆட்டிவிட்டு 900 ரூபாய் கொடுத்தேன்.

நான்காவது முறை "சென்சார் கோளாறு" என்று 1,600 வாங்கினார். "இனிமே முள் ஏறவே ஏறாது சார், கவலைய விடுங்க." சொன்ன சொல் தவறவில்லை. அன்றிலிருந்து முள் ஏறவே இல்லை.

இரண்டு மாதம் நிம்மதியாக ஓட்டினேன். ஒன்பதாவது படிக்கும் என் மகள் ஒருநாள் காலை, நான் சாவியைத் திருப்பியதும், "அப்பா, இன்னும் ஸ்டார்ட்டே பண்ணல. அதுக்குள்ள முள் எப்படி நடுவுக்குப் போச்சு?" என்று கேட்டாள். புது சென்சார், நல்லா வேலை செய்யுது என்று பதில் சொன்னேன். அந்தப் பதிலின் விலை என்ன என்று கீழே வருகிறது.

சுங்குவார்சத்திரத்துக்கு வருவோம். பானெட்டைத் திறந்து, துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். பின்னால் நிறுத்தியிருந்த லாரியிலிருந்து டிரைவர் இறங்கி ஓடிவந்து, "கைய எடுங்க சார்! மூஞ்சி வெந்துடும்!" என்று கத்தினார். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கொதிநீர், மூடி கொஞ்சம் தளர்ந்தால் போதும், பீறிட்டு வரும். முகம் வெந்துபோயிருந்தால் இதை நான் எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அந்த அண்ணன் பெயரைக்கூடக் கேட்கவில்லை. மாமியாரும் குத்துவிளக்கும் ஷேர் ஆட்டோவில் போனார்கள். வண்டி ரெக்கவரி லாரியில் போரூருக்குப் போனது, 4,000 ரூபாய். அங்கே சித்தப்பா மகனுக்குத் தெரிந்த ஒரு வயதான மெக்கானிக் இருக்கிறார்.

பெரியவர் வண்டியை அன்று தொடவில்லை. "ஆறட்டும் தம்பி." மறுநாள் காலை முதலில் கையில் எடுத்தது ரேடியேட்டர் மூடியை. அதன்மேல் 0.9 என்று பொறித்திருந்தது. அந்த அழுத்தம் வரை மூடி தாங்க வேண்டும். சாதாரணத் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். கூலண்ட் பாதி, தண்ணீர் பாதி கலந்து, இந்த அழுத்தத்தில் அடைத்து வைத்தால் கொதிநிலை 120-ஐத் தாண்டும். கூலிங் முறையே அந்த மூடியை நம்பித்தான் இருக்கிறது. கைப்பம்பில் மாட்டி அடித்தார். 0.3-க்கு மேல் நிற்கவில்லை, புஸ்ஸென்று இறங்கியது. ரப்பர் வெடித்திருந்தது. "பல்லாவரத்துல உங்களுக்கு வந்த வியாதி இதாத்தான் இருக்கும். தண்ணி சீக்கிரமே கொதிச்சு வெளிய போயிருக்கு, குறைஞ்சிருக்கு." புது மூடி 350 ரூபாய்.

அப்புறம் அந்தப் "புது" ரேடியேட்டர். நகத்தால் ஒரு கீறு கீறினார். கறுப்புப் பெயின்ட் உரிந்தது, உள்ளே வெள்ளை வெள்ளையாக அரித்துப்போன பழைய அலுமினியம். என் பழைய ரேடியேட்டருக்கே பெயின்ட் அடித்து எனக்கே விற்றார்களா, வேறு யாருடையதா, தெரியவில்லை. இரண்டில் எது என்று நினைத்தாலும் வயிறு எரிகிறது.

உண்மையான பித்தலாட்டம் அதற்கப்புறம்தான் வந்தது. என் வண்டியில் முள்ளுக்கு ஒரு சென்சார், இன்ஜின் கம்ப்யூட்டருக்கு வேறொரு சென்சார். முள்ளுக்குப் போகும் ஒற்றை வயர் அதன் சென்சாரில் மாட்டப்படவே இல்லை. கறுப்பு டேப் சுற்றி ஓரமாக வளைந்து போயிருந்தது. டேப்பைப் பிரிக்கும் முன் பெரியவர், "மொதல்ல போட்டோ எடுத்துக்கோங்க தம்பி" என்றார். எடுத்தேன். பிரித்தார். உள்ளே கலர் கலராக வளையம் போட்ட ஒரு குட்டி ரெசிஸ்டர், அதாவது மின்சாரத்தை மட்டுப்படுத்தும் பொருள், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு கால் வயரில், இன்னொரு கால் பாடி போல்ட்டில். சென்சாரில் சூடு ஏற ஏற ரெசிஸ்டன்ஸ் குறையும், அதற்கேற்ப முள் மேலே போகும். அந்த இடத்தில் மாறாத ஒரு ரெசிஸ்டரை மாட்டினால் முள்ளும் மாறாது. இன்ஜின் பனிக்கட்டியாக இருந்தாலும் சரி, பற்றி எரிந்தாலும் சரி, முள் நடுவில். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளுக்கு நான் 1,600 கொடுத்திருக்கிறேன்.

அதாவது, தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டிருந்த இரண்டு மாதமும் என்னை எச்சரிக்க வேண்டிய ஒரே பொருளின் வாயைக் கட்டிவிட்டார். ஆயில் மூடியைத் திறந்தால் அடியில் மோர் மாதிரி வெளுத்த கசடு. இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் தண்ணீரும் ஆயிலும் கலக்காமல் அடைத்து வைக்கும் ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தது. ஹெட்டைக் கழற்றி, ஸ்டீல் ரூலை வைத்து, இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜை நுழைத்துக் காட்டினார். 0.15 மில்லிமீட்டர் வளைந்திருக்கிறது. 0.05 வரைதான் விடலாம் என்றார். லேத்தில் ஹெட்டைச் சமமாகச் சீவும் ஃபேசிங், கேஸ்கெட் செட், போல்ட்டுகள், வாட்டர் பம்ப், உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டிலிருந்து நல்ல ரேடியேட்டர், மறுபடி தெர்மோஸ்டாட், கூலண்ட், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 38,600 ரூபாய். ஜி.எஸ்.டி. பில் தந்தார். கழற்றிய பழைய பாகங்களை நான் கேட்காமலே சாக்கில் கட்டி டிக்கியில் வைத்தார்.

அந்த ரெசிஸ்டரை எடுத்துக்கொண்டு வேளச்சேரிக்குப் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சார், நீங்கதான் தினம் போன் பண்ணி முள் ஏறுது முள் ஏறுதுன்னு டென்ஷன் ஆனீங்க. அதான் உங்க டென்ஷனுக்கு ஒரு வழி பண்ணேன். பழைய வண்டின்னா அப்படித்தான் சார்." 2,000 ரூபாய் திருப்பித் தருவதாகச் சொன்னார். வாங்கவில்லை.

என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். நான்கு முறையும் பில் கேட்கவில்லை. கையில் இருந்தது "ரேடி 7800" என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டும், ஜிபேயில் பணம் போன கணக்கும்தான். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்துவிட்டு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் மனு கொடுத்திருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, சம்பவம் நடந்து 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். பெரியவர் எடுக்கச் சொன்ன போட்டோவும் அவர் லெட்டர்பேடில் எழுதித் தந்த குறிப்பும்தான் இப்போது என் முக்கிய ஆதாரம். விவகாரம் அங்கே இருப்பதால் பட்டறையின் பெயரை இங்கே போடவில்லை.

பழைய வண்டி வைத்திருப்பவர்கள், முக்கியமாக சூட்டுப் பிரச்சினைக்காக எங்கேயாவது "சென்சார் மாற்றிய" வண்டி வைத்திருப்பவர்கள், நாளைக் காலை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து பாருங்கள். இரவு முழுக்க ஆறிய இன்ஜினில் முள் அடியில்தான் படுத்திருக்க வேண்டும். ஓட்ட ஆரம்பித்துச் சில நிமிடம் கழித்துத்தான் எழ வேண்டும். வாங்கப்போகும் செகண்ட் ஹேண்ட் வண்டியையும் இப்படியே பாருங்கள். நீங்கள் போவதற்கு முன்பே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். நெரிசலில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாகத் திறங்கள். வியர்த்து ஊற்றும், ஆனால் இன்ஜின் சூட்டில் ஒரு பங்கு உங்கள் பக்கம் வந்துவிடும். அப்படியும் இறங்கவில்லை என்றால் ஓரம் கட்டி இன்ஜினை அணையுங்கள். மூடியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

ரெசிஸ்டர் ஒரு ஜிப் கவரில் மனு நகலோடு இருக்கிறது. முதல் விசாரணைக்கு இன்னும் தேதி வரவில்லை. மகளைப் பள்ளியில் விடப் போகும்போது விஜயநகர் சிக்னல் வந்தால்தான் முள் மெல்ல எழுந்திருக்கிறது. அவள்தான் பார்த்துச் சொல்கிறாள்.