எனத்தோடு ஒட்டிய விவரங்களை எங்கே வைப்பது? புரோட்டோபஃப், அவ்ரோ, ஜேசன் ஸ்கீமா ஒப்பீடு

புரோட்டோபஃப், அவ்ரோ, ஜேசன் ஸ்கீமா மூன்றும் நிரல்களுக்கிடையே போகும் தரவின் வடிவத்தை (ஸ்கீமா) எழுதிவைக்கும் முறைகள். அவற்றில் எடை அலகுகளுக்கு ஒரு எனம் (enum, பெயரிட்ட மதிப்புகளின் பட்டியல்) எழுதுகிறோம்: கிராம், கிலோகிராம், பவுண்ட், அவுன்ஸ். வயரில் (அனுப்பும் தரவில்) போவது வெறும் எண்தான். ஆனால் ஒவ்வொரு அலகுக்கும் திரையில் காட்டும் சுருக்கக் குறி வேண்டும், கிராமுக்கு மாற்றும் காரணியும் வேண்டும். இவற்றை ஸ்கீமாவில் வைக்காவிட்டால் சர்வரில் ஒரு ஸ்விட்ச் (மதிப்புக்கேற்பக் கிளை பிரியும் கோட்), மொபைல் ஆப்பில் ஒரு ஸ்விட்ச், அறிக்கை எடுக்கும் ஸ்கிரிப்ட்டில் இன்னொன்று என்று பிரதிகள் பெருகும். புதிய அலகு சேரும் நாளில் அவற்றில் ஒன்று கட்டாயம் விடுபட்டுப் போகும்.

புரோட்டோபஃப்: மதிப்போடு ஒட்டிய ஆப்ஷன்

இந்தத் தேவைக்கு நேரடி வழி வைத்திருப்பது புரோட்டோபஃப்தான். டிஸ்கிரிப்டர் புரோட்டோ கோப்பை இம்போர்ட் செய்து, எனம் வேல்யூ ஆப்ஷன்ஸ் என்ற செய்தியை எக்ஸ்டெண்ட் செய்து, சுருக்கக் குறிக்கு ஒரு புலம், காரணிக்கு ஒரு புலம் அறிவிக்கலாம். நிறுவனத்துக்குள் மட்டும் பயன்படும் ஆப்ஷன்களுக்குப் புல எண் 50000 முதல் 99999 வரை ஒதுக்கியிருக்கிறார்கள். பிறகு ஒவ்வொரு மதிப்பின் பக்கத்திலும் சதுர அடைப்புக்குள் விவரத்தை எழுதிவிடலாம்.

காரணியை டபுளாக (மிதவைப் புள்ளி எண்ணாக) வைக்காதீர்கள். ஒரு பவுண்ட் துல்லியமாக 453.59237 கிராம், அது பைனரி பின்னத்தில் சரியாக உட்காராது. நானோகிராமில் முழு எண்ணாக எழுதினால் பவுண்ட் 453592370000, அவுன்ஸ் 28349523125. இரண்டுமே 64 பிட் முழு எண்ணுக்குள் தாராளமாக அடங்கும். பெருக்கும்போது மட்டும் கவனம் தேவை: கிலோகிராமின் காரணி 1000000000000 என்பதால், சுமார் 92 லட்சம் கிலோவைத் தாண்டினால் பெருக்குத்தொகை வழிந்துவிடும்.

இந்த விவரம் வயரில் போவதில்லை, டிஸ்கிரிப்டரில் (நிரல் படிக்கும்படி வைத்த ஸ்கீமா விவரணையில்) மட்டுமே இருக்கிறது. ஆகவே செய்தியின் அளவு ஒரு பைட்கூட அதிகரிக்காது. அதன் மறுபக்கம், டிஸ்கிரிப்டர் இல்லாத இடத்தில் விவரமும் இல்லை. ஜாவாவுக்கான புரோட்டோபஃபின் சிறிய வடிவமான லைட் ரன்டைமில் ரிஃப்ளெக்ஷன் (ஓடும்போதே டிஸ்கிரிப்டரைப் படிக்கும் வசதி) கிடையாது. ஆண்ட்ராய்டு ஆப்பில் இந்த ஆப்ஷனைப் படிக்க முடியாமல் போவது பெரும்பாலும் இதனால்தான். அப்படிப்பட்ட கிளையன்ட்டுக்கு பில்டின்போதே ஆப்ஷனைப் படித்து ஒரு அட்டவணைக் கோப்பை உருவாக்கித் தர வேண்டும். சர்வரிலும் ஒவ்வொரு செய்திக்கும் டிஸ்கிரிப்டரைத் துழாவாமல், தொடக்கத்தில் ஒருமுறை படித்து எண்ணைச் சாவியாக வைத்த மேப்பில் போட்டுக்கொள்வது நல்லது.

பெரிய பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஸ்டோன் என்ற அலகை 5 என்ற எண்ணில் சேர்க்கிறோம் என்று வையுங்கள். புரோட்டோ3-இல் (புரோட்டோபஃபின் ஒரு மொழிப் பதிப்பு) எனம் திறந்த வகை, அதாவது தெரியாத எண்ணையும் ஏற்கும் என்பதால் பழைய கிளையன்ட் அந்த 5-ஐத் தொலைக்காமல் வைத்துக்கொள்ளும். ஆனால் அதன் காரணி பழைய பில்டில் இல்லை. விவரம் பில்டோடு பயணிக்கிறது, தரவோடு அல்ல.

தரவோடு அனுப்பினால்?

அலகு, காரணி இரண்டையும் ஒரு தனிச் செய்தியாக்கி அனுப்பலாம். எனப் புலம் மட்டும் என்றால் டேக் (புல எண்ணைச் சொல்லும் முன்குறி) சேர்த்து 2 பைட். பவுண்டின் காரணி டேக்கோடு 7 பைட் எடுக்கும், உட்செய்தியின் தலைப்புக்கு இன்னும் 2 பைட். அளவைவிட ஆபத்து முக்கியம்: பவுண்ட் என்று சொல்லி அவுன்ஸின் காரணியை அனுப்பினால் தடுக்க ஆளில்லை. மாறாத உண்மையை ஒவ்வொரு செய்தியிலும் திரும்பச் சொல்வது பிழைக்கு வாசல் திறந்துவைப்பதுதான். ஆனால் விவரம் செய்திக்குச் செய்தி மாறுமானால் (பெட்டி என்ற அலகில் எத்தனை உருப்படி என்பதுபோல) இதுவே சரி. அப்போது எனத்தை விட்டுவிட்டு ஒன்ஆஃப் (பல புலங்களில் ஒன்று மட்டும் இருக்கும் புரோட்டோபஃப் அமைப்பு) பக்கம் போங்கள்.

அவ்ரோ

அவ்ரோவில் எனத்தின் சிம்பல்கள் (மதிப்புகளின் பெயர்கள்) வெறும் சரங்களின் பட்டியல். ஆங்கில எழுத்து, இலக்கம், அடிக்கோடு மட்டுமே செல்லும், இலக்கத்தில் தொடங்கக் கூடாது. ஒரு சிம்பலுக்கென்று தனிக் குறிப்பு எழுத இடமே இல்லை. எனம் முழுமைக்கும் சொந்தப் பண்பு ஒன்றைச் சேர்த்து, அதற்குள் சிம்பலிலிருந்து விவரத்துக்கு ஒரு மேப் வைப்பதுதான் வழி. ஸ்பெசிஃபிகேஷன் இதை அனுமதிக்கிறது. அவ்ரோ கோப்பின் தலைப்பில் எழுதியவரின் ஸ்கீமா முழுதாக இருப்பதால், காரணியும் தரவோடு வந்து சேர்கிறது. புரோட்டோபஃபில் கிடைக்காத வசதி இது.

ஆனால் கைரேகையை (ஸ்கீமாவை அடையாளம் காட்ட அதிலிருந்து கணக்கிடும் சிறு மதிப்பு) நம்பி ஸ்கீமாவைத் தேடும் அமைப்புகளில் இது கவிழும். கைரேகை கணக்கிடுவதற்கு முன் ஸ்கீமாவை நியம வடிவத்துக்குச் சுருக்கும்போது சொந்தப் பண்புகள் அனைத்தும் நீக்கப்படுகின்றன. காரணியை நீங்கள் திருத்தினாலும் கைரேகை மாறாது. படிப்பவர் கையில் கிடைப்பது பழைய காரணியா புதியதா என்று அறிய வழியில்லை.

ஜேசன் ஸ்கீமா

ஜேசன் ஸ்கீமாவின் ஒன்ஆஃப் (கிளைகளில் ஒன்றே ஒன்று பொருந்த வேண்டும் என்ற விதி) பட்டியலில் ஒவ்வொரு மதிப்பையும் கான்ஸ்ட், டைட்டில், டிஸ்கிரிப்ஷன் என்று எழுதுவது வழக்கம். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் தவறான மதிப்பு வந்தால் கிளைக்கு ஒன்றாகப் பிழைச்செய்தி கொட்டும், கோட் ஜெனரேட்டர்கள் பலவும் இதை எனமாக அடையாளம் காணாது. ஓபன்ஏபிஐ (ஏபிஐகளை விவரிக்கும் முறை) வட்டாரத்தில் எனத்துக்கு இணையாக எக்ஸ்-எனம்-வார்நேம்ஸ் போன்ற இன்னொரு வரிசையை எழுதும் பழக்கமும் உண்டு. இதை நான் தவிர்ப்பேன்: ஒரு வரிசையில் நடுவில் ஒன்றை நீக்கி மற்றதில் மறந்தால், அதற்குப் பிந்திய பெயர்களெல்லாம் ஓரிடம் நகர்ந்துவிடும், ஸ்கீமா மட்டும் செல்லுபடியாகவே இருக்கும்.

மாறாத விவரத்துக்கு என் தேர்வு புரோட்டோபஃப் ஆப்ஷன்தான். விலைபோல அடிக்கடி மாறுவது எதுவானாலும் ஸ்கீமாவுக்கு வெளியே, எண்ணைச் சாவியாகக் கொண்ட அட்டவணையில் இருக்கட்டும். ஆப்ஷனைத் தேர்ந்தால் ஒரு சோதனை கட்டாயம் எழுதுங்கள். ஒரு மதிப்புக்குக் காரணி எழுத மறந்தால் கம்பைலர் எதுவும் சொல்லாது; படிக்கும்போது 0 வரும், பெருக்கினால் எடையும் 0 ஆகிவிடும். எனத்தின் எல்லா மதிப்புகளையும் சுற்றிவந்து, வழக்கமாக எண் 0-க்கு வைக்கும் 'குறிப்பிடப்படாதது' என்ற மதிப்பு தவிர மற்ற ஒவ்வொன்றிலும் நாம் சேர்த்த காரணிப் புலம் (எக்ஸ்டென்ஷன்) உண்மையிலேயே இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் பில்டையே நிறுத்த வேண்டும்.