டிபிஎஸ், ஒலி அலை, பம்ப்: அப்பாவுக்கு எதைத் தேர்ந்தெடுத்தோம், ஏன்

அப்பாவுக்குப் பார்க்கின்சன் வந்து முதல் சில ஆண்டுகள் லெவோடோபா மாத்திரையே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. அப்புறம் ஒவ்வொரு வேளை மருந்தும் தாக்குப்பிடிக்கும் நேரம் குறைந்துகொண்டே வந்தது. மாத்திரை ஏறியிருக்கும் 'ஆன்' நேரத்தில் நடப்பார், பேசுவார். ஆனால் உடம்பு அவர் சொல்பேச்சு கேட்காமல் வளைந்து நெளியும். இறங்கிவிட்டால் 'ஆஃப்'. நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே ஆள் வேண்டும். இந்தக் கட்டத்தில்தான் நரம்பியல் மருத்துவர் மூன்று வழிகளைச் சொன்னார்: மூளைக்குள் மின்முனை பதிக்கும் டிபிஎஸ், அதாவது ஆழ்மூளைத் தூண்டல், மண்டையைத் திறக்காமல் ஒலி அலையைக் குவித்துச் செய்யும் சிகிச்சை, தோலுக்கடியில் நாள் முழுக்க மருந்தைச் செலுத்தும் பம்ப். நாங்கள் டிபிஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதைத்தான் சொல்வேன். அதனால் இதை ஒரு பக்கம் சாய்ந்தவர் எழுதியது என்றே எடுத்துக்கொண்டு படியுங்கள்.

மூன்றுக்கும் பொதுவான விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். எதுவும் நோயைக் குணமாக்காது, அசைவுக்குத் தேவையான டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளை செல்கள் அழிவதை நிறுத்தாது. மூன்றும் அசைவு சார்ந்த தொல்லைகளுக்கானவை. மறதி, மலச்சிக்கல், எழுந்து நின்றதும் ரத்த அழுத்தம் இறங்குவது போன்றவை அப்படியே இருக்கும். எப்போது இவற்றைப் பற்றி யோசிக்க வேண்டும் என்பதற்கு மருத்துவர்கள் 5-2-1 என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: நாளுக்கு 5 வேளையாவது லெவோடோபா, 2 மணி நேரமாவது ஆஃப், 1 மணி நேரமாவது தொல்லை தரும் டிஸ்கைனீசியா, அதாவது அந்த நெளிவு. மூன்றில் ஒன்று பொருந்தினாலே பேச்சைத் தொடங்கிவிடலாம்.

ஒலி அலை சிகிச்சைதான் எங்களை முதலில் ஈர்த்தது. "மண்டையில ஓட்டை போடாம முடியும்னா அதையே பண்ணிடலாமே" என்றார் அப்பா. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. தலையை மழித்து, அசையாமல் சட்டத்தில் பொருத்தி, எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைக்கிறார்கள். தலைக்கவச வடிவக் கருவி ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஒலிமூலங்கள் ஒரே புள்ளியை நோக்கி அலைகளை அனுப்புகின்றன. அந்தப் புள்ளியில் வெப்பம் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது சில மில்லிமீட்டர் திசு வெந்து அழிகிறது. கெட்டுப்போன சமிக்ஞைச் சுற்று அங்கே துண்டிக்கப்படுகிறது. நோயாளி விழித்தேதான் இருப்பார். முதலில் குறைந்த வெப்பத்தில் நடுக்கம் குறைகிறதா, நாக்கு குழறுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மேலே போவார்கள். வெட்டு கிடையாது, பேட்டரி கிடையாது. பலன் அந்த மேசையிலேயே தெரிந்துவிடும்.

சான்றும் இருக்கிறது. 2023-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில் 94 பேர் கலந்துகொண்டார்கள். மூளையின் குளோபஸ் பாலிடஸ் என்ற பகுதியில் ஒரு பக்கம் மட்டும் சிகிச்சை பெற்றவர்களில் 69 சதவீதம் பேருக்கு மூன்றாவது மாதத்தில் பலன் தெரிந்தது. போலிச் சிகிச்சை பெற்றவர்களில் அது 32 சதவீதம். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2018-ல் பார்க்கின்சன் நடுக்கத்துக்கும், 2021-ல் மற்ற அசைவுத் தொல்லைகளுக்கும் ஒரு பக்கச் சிகிச்சையை அனுமதித்தது. 2025-ல் இடைவெளி விட்டு இரண்டு பக்கமும் செய்யவும் அனுமதி கொடுத்தது. ஆனால் எல்லோருடைய மண்டையோடும் இதற்கு ஒத்துவராது. சிடி ஸ்கேனில் எலும்பின் தன்மையைப் பார்ப்பார்கள்; சிலருக்கு அலை உள்ளே போதுமான அளவு இறங்காது.

பம்ப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நாங்கள் அதைப் பயன்படுத்தியதில்லை. லெவோடோபாவைக் கரையும் வடிவத்துக்கு மாற்றி, ஃபாஸ்லெவோடோபா என்ற பெயரில், வயிற்றுத் தோலுக்கடியில் 24 மணி நேரமும் சிறிது சிறிதாகச் செலுத்துகிறார்கள். 2022-ல் வெளியான 141 பேர் ஆய்வில், தொல்லையில்லாத ஆன் நேரம் பம்ப் வைத்தவர்களுக்குச் சராசரியாக 2.72 மணி நேரம் கூடியது. மாத்திரைக் குழுவுக்கு 0.97 மணி நேரம். அறுவை சிகிச்சை வேண்டாம், பிடிக்கவில்லை என்றால் கழற்றி வைத்துவிடலாம். ஊசி குத்தும் இடத்தில் சிவப்பு, கட்டி, தொற்று வருவதுதான் பெரிய குறை. அதோடு ஊசி இடத்தை மாற்றுவது, மருந்தை நிரப்புவது எல்லாம் வீட்டில் யாராவது செய்ய வேண்டும். அம்மாவின் விரல்களில் மூட்டுவலி. எங்கள் வீட்டில் பம்ப்பின் கதை அங்கேயே முடிந்தது.

சரி, டிபிஎஸ்.

இதன் வரலாறே எனக்கு முடிவெடுக்க உதவியது. நடுக்கத்துக்காக மூளையில் ஒரு சிறு பகுதியைச் சுட்டு அழிக்கும் அறுவை பல பத்தாண்டுகளாகவே இருந்தது. சரியான இடம்தானா என்று உறுதிப்படுத்த, சுடுவதற்கு முன் மின்தூண்டல் கொடுத்துப் பார்ப்பார்கள். 1987-ல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் அலிம் லூயி பெனாபிட், அதிக அதிர்வெண்ணில் தூண்டினால் எதையும் அழிக்காமலே நடுக்கம் நிற்கிறது என்று கண்டார். தூண்டலை நிறுத்தினால் நடுக்கம் திரும்பியது. அப்படியானால் மின்முனையை உள்ளேயே விட்டுவிடலாமே என்ற எண்ணம்தான் டிபிஎஸ். 1990-களில் சப்தலாமிக் நியூக்ளியஸ் என்ற சிறு முடிச்சு இலக்கானது. எஃப்டிஏ 1997-ல் நடுக்கத்துக்கும், 2002-ல் பார்க்கின்சனுக்கும் ஒப்புதல் தந்தது. அதாவது அழிப்பதிலிருந்து தூண்டுவதற்கு மருத்துவம் நகர்ந்ததற்குக் காரணமே, செய்ததை மாற்றிக்கொள்ள முடியும் என்பதுதான். ஒலி அலை சிகிச்சை எவ்வளவு நுட்பமாக இருந்தாலும் அது அழிக்கும் முறையே. தலையைத் திறக்காமல் அழிக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது இந்த ஒன்றுதான்: நாளைக்கு நோய் மாறும்போது சிகிச்சையையும் மாற்ற முடியுமா? பார்க்கின்சன் நின்ற இடத்தில் நிற்கும் நோயில்லை. இன்று வலது கை, இரண்டு ஆண்டில் இடது கால், அப்புறம் குரல். மின்முனையில் பல தொடுமுனைகள் இருக்கின்றன. எதன் வழியாக மின்சாரம் போக வேண்டும், எவ்வளவு, எந்தத் திசையில், ஒவ்வொரு துடிப்பும் எவ்வளவு நேரம், விநாடிக்கு எத்தனை முறை என்று எல்லாவற்றையும் வெளியிலிருந்தே மாற்றலாம். வழக்கமாக விநாடிக்குச் சுமார் 130 துடிப்புகள்.

இந்த மாற்றும் வேலையைப் புரோகிராமிங் என்கிறார்கள். பலரும் அறுவையைப் பற்றியே கவலைப்பட்டு இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். மின்முனை நுழைந்ததாலேயே சிலருக்கு மின்சாரம் போடும் முன்பே நன்றாக இருக்கும். அது சில நாட்களிலோ வாரங்களிலோ வடிந்துவிடும், அதைப் பார்த்து மனம் உடையக் கூடாது. பிறகு பல மாதங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சரிசெய்வார்கள். அப்பாவுக்கு மின்னோட்டத்தைக் கூட்டியபோது கை அருமையாக விடுபட்டது, ஆனால் பேச்சு குழறத் தொடங்கியது. மருத்துவர் வேறு தொடுமுனைக்கு மாற்றி, அளவையும் குறைத்தார். அன்று மாலையே போனில் அத்தையிடம் தெளிவாகப் பேசினார். இதே குழறல் சுட்டழித்த திசுவால் வந்திருந்தால் திரும்பப் பெற வழியே இருந்திருக்காது. இரண்டு பக்கமும் அழிக்கும்போது பேச்சும் விழுங்குவதும் பாதிக்கப்படும் ஆபத்து கூடும் என்பது பழைய அறுவைகளின் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். அப்பாவுக்கோ இரண்டு பக்கமும் தொல்லை.

மருந்தும் இதில் சேர்ந்த கணக்குதான். சப்தலாமிக் நியூக்ளியஸில் தூண்டினால் லெவோடோபாவைக் கணிசமாகக் குறைக்க முடியும், அதனாலேயே நெளிவு அடங்கும். ஆனால் வேகமாகக் குறைத்தால் மனிதர் எதிலும் பற்றில்லாமல் ஆகிவிடலாம். அப்பா சில வாரங்கள் செய்தித்தாளைக்கூடத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கைகால் நன்றாக இருக்கும்போது ஏன் இப்படி என்று எங்களுக்குப் புரியவில்லை. மருந்தை ஓரளவு திரும்ப ஏற்றியதும் சரியானது. டிபிஎஸ் செய்துகொண்டவர் இப்படி அமைதியாக ஒதுங்கி இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மின்முனைக்கு மின்சாரம் தர நெஞ்சுத் தோலுக்கடியில் வைக்கும் பேட்டரி இன்னொரு பராமரிப்பு. சார்ஜ் செய்யாத வகை சில ஆண்டுகளில் தீரும். சிறு அறுவை செய்து மாற்ற வேண்டும். சார்ஜ் செய்யும் வகையில் 15 ஆண்டு வரை தாங்குபவை வந்துவிட்டன, ஆனால் மறக்காமல் சார்ஜ் செய்ய வேண்டும். பேட்டரி திடீரென்று தீர்ந்தால் நோயாளி அசைய முடியாத நிலைக்கே போய்விடலாம், அதனால் இதில் அசட்டை கூடாது. அப்பாவுக்குச் சார்ஜ் வகை. அதை மறக்காமல் கவனிப்பது என் பொறுப்பு.

புதியதாக வந்திருப்பது தானே சரிசெய்துகொள்ளும் டிபிஎஸ். ஆஃப் நிலையில் சப்தலாமிக் நியூக்ளியஸில் பீட்டா அலைகள், அதாவது விநாடிக்கு 13 முதல் 30 வரையான அதிர்வுகள், ஓங்குகின்றன. கருவி அதைக் கேட்டு, அதற்கேற்ப மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கிறது. 2025 பிப்ரவரியில் எஃப்டிஏ இதற்கு ஒப்புதல் கொடுத்தது. அப்பாவுக்கு இதை இயக்கிச் சில மாதங்கள்தான் ஆகின்றன. மாலை நேரத் தடுமாற்றம் குறைந்த மாதிரி எனக்குத் தெரிகிறது, அம்மா பெரிய வித்தியாசம் இல்லை என்கிறார். இதற்காகவே டிபிஎஸ் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லும் அளவுக்கு எங்கள் அனுபவம் போதாது.

ஆபத்தை மறைக்க விரும்பவில்லை. நூற்றில் ஒன்றிரண்டு பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு வரலாம். தொற்று அதைவிடச் சற்று அதிகம், கருவியையே எடுக்க வேண்டிவரும். டயாதெர்மி என்ற வெப்பச் சிகிச்சையை இனி எடுக்கவே கூடாது, எம்ஆர்ஐக்கும் நிபந்தனைகள் உண்டு. நன்றாக நீந்தத் தெரிந்த ஒன்பது பேர் டிபிஎஸ்ஸுக்குப் பிறகு நீந்தும் திறனை இழந்ததை 2019-ல் சூரிக் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஆகவே தண்ணீரில் இறங்குவதென்றால் கூடவே ஒருவர் இருக்கட்டும்.

ஸ்டெம் செல் வரும், பொறுத்துப் பார்க்கலாமே என்று உறவினர்கள் சொன்னார்கள். அந்த நம்பிக்கை ஆதாரமில்லாதது இல்லை. 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் இரண்டு ஆய்வுகள் வந்தன: கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 7 பேர், வட அமெரிக்காவில் 12 பேர். ஆய்வகத்தில் வளர்த்த டோபமைன் முன்னோடி செல்களை மூளையில் வைத்தார்கள். பாதுகாப்பாக இருந்தது, செல்கள் பிழைத்தன. பெரிய ஆய்வுகள் இனிமேல்தான். மூளை அறுவை செய்துகொண்டவர்களை இப்படிப்பட்ட ஆய்வுகள் பல சேர்ப்பதில்லை என்பது டிபிஎஸ்ஸின் உண்மையான விலை. அதற்காகக் காத்திருக்கவும் அஞ்சினேன். வயது ஏறி, நினைவாற்றல் தளர்ந்துவிட்டால் டிபிஎஸ்ஸுக்கான கதவும் மூடிக்கொள்ளும். 2013-ல் வெளியான 251 பேர் ஆய்வில், நோய் வந்து சராசரியாக ஏழரை ஆண்டிலேயே டிபிஎஸ் செய்துகொண்டவர்களின் வாழ்க்கைத் தரம் 26 சதவீதம் மேம்பட்டது. மருந்து மட்டும் எடுத்தவர்களுக்கு மாற்றமே இல்லை.

எல்லோருக்கும் இதையே சொல்வேனா? இல்லை. வயது மிக அதிகம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர், ஒரு கை நடுக்கம்தான் முக்கியத் தொல்லை என்றால் ஒலி அலை சிகிச்சையை முதலில் கேட்டுப் பார்ப்பேன். மூளை அறுவை என்றாலே ஒப்பாதவருக்கும், வீட்டில் கை வேலை செய்ய ஆள் இருப்பவருக்கும் பம்ப் நல்ல வழி. லெவோடோபாவுக்கு ஒருபோதும் சரியாகப் பலன் தெரியாதவர் என்றால், அது பார்க்கின்சனைப் போலத் தோன்றும் எம்எஸ்ஏ, பிஎஸ்பி என்ற வேறு மூளை நோய்களில் ஒன்றாக இருக்கலாம். அவற்றுக்கு டிபிஎஸ் உதவாது, அறுவைக்கு முன்பே அதைத் தீர்மானிக்க வேண்டும்.

டிபிஎஸ் என்று முடிவெடுத்தால், யார் அறுவை செய்வார் என்பதோடு, அடுத்த ஐந்து ஆண்டுகள் யார் புரோகிராமிங் செய்வார், வாரநாளில் கூப்பிட்டால் எத்தனை நாளில் பார்ப்பார், தொலைவிலிருந்தே சரிசெய்யும் வசதி உண்டா என்பதையும் கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் கிடைக்காத இடத்தில் நாங்கள் அறுவைக்குத் தேதி வாங்கவில்லை.