மெக்ஆர்டில் நோயும் சிபிடி-2 குறைபாடும்: தசை எப்போது மக்கர் செய்யும்?

இரண்டுமே பரம்பரைத் தசை நோய்கள். இரண்டிலும் தசை வலிக்கும். ஆனால் வலி வரும் நேரம் நேர்மாறு.

1951-ல் பிரையன் மெக்ஆர்டில் விவரித்த நோயில், தசையில் சேமித்த கிளைகோஜனை (சர்க்கரை இருப்பு) உடைக்கும் நொதி வேலை செய்யாது. அதனால் முதல் சில நிமிடங்கள்தான் கொடுமை: மாடி ஏறுவது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுவது, குடத்தைத் தூக்குவது. வேகத்தைக் குறைத்து நடந்துகொண்டே இருந்தால், பத்து நிமிடத்துக்குள் இரத்தத்திலுள்ள குளுக்கோஸும் கொழுப்பும் கைகொடுக்கும், நடை இலகுவாகும். இதை 'இரண்டாம் மூச்சு' என்பார்கள். இது தெரியாமல் பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுவது பெரிய அநியாயம். உடற்பயிற்சிக்குச் சற்றுமுன் சர்க்கரை எடுப்பது உதவும். மிதமான ஏரோபிக் பயிற்சியும் நல்லது.

சிபிடி-2 என்பது கொழுப்பை எரிபொருளாக்க உதவும் ஒரு நொதி. அது குறைந்தால், நீண்ட கொழுப்பு அமிலங்கள் செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்ட்ரியாவுக்குள் சரியாக நுழையாது. சின்ன ஓட்டம் பெரும்பாலும் சிக்கலில்லை; நீண்ட நேர உழைப்புதான் ஆபத்து, அதிலும் பட்டினி, காய்ச்சல், குளிர் சேர்ந்தால். இங்கே இரண்டாம் மூச்சு கிடையாது. விரதம் வேண்டாம், மாவுச்சத்துள்ள உணவை நேரத்துக்குச் சாப்பிட வேண்டும்.

என் பார்வையில் ஏமாற்றுவது இரண்டாவதுதான். மெக்ஆர்டிலில் இரத்தத்தில் சிகே (கிரியேட்டின் கைனேஸ், தசை சிதைந்தால் கசியும் நொதி) அளவு எப்போதும் கூடியிருக்கும். சிபிடி-2-ல் தாக்குதல்களுக்கு இடையே பெரும்பாலும் இயல்பாக இருந்துவிடும். அப்புறம், எதுவானாலும் சிறுநீர் கோலா நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள், சிறுநீரகம் பாதிக்கப்படலாம்.