நாலு ஏக்கருக்கு 24 எச்பி போதுமா, 45 எச்பி வேண்டுமா?

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி பக்கம் ஒருவர் டிராக்டர் வாங்கப் போகிறார் என்று தெரிந்தால் போதும், டீக்கடையில் ஆளுக்கு ஆள் சொல்வது ஒன்றுதான்: "வாங்குறதே வாங்குறீங்க, 45 எச்பியாவே எடுத்துருங்க." 2025 செப்டம்பரில் டிராக்டருக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்த பிறகு இந்தப் பேச்சு இன்னும் கூடிவிட்டது. நாலைந்து ஏக்கர் தென்னை வைத்திருப்பவருக்கு இது சரியான யோசனை இல்லை என்பது என் கருத்து.

தென்னை நடுவது 25 அடிக்கு ஒன்று. பார்க்க லாரியே போகலாம் போலத்தான் இருக்கும். ஆனால் மரத்தைச் சுற்றி ஆறரை அடிக்குள்தான் வேரின் பெரும்பகுதி இருக்கிறது. இரண்டு பக்கமும் அதை விட்டுவிட்டால் நடுவில் உழக் கிடைப்பது 12 அடி. 45 எச்பி வண்டிக்குப் பின்னால் 6 அடி ரோட்டவேட்டர் (மண்ணைச் சுழன்று கிளறும் பிளேடு கருவி) மாட்டினால் போக ஒன்று, வர ஒன்று, கச்சிதமாக முடிய வேண்டும். கணக்கில் முடியும், தோப்பில் முடியாது. போன வருடம் எங்கள் தோப்புக்கு வாடகைக்கு வந்த பெரிய வண்டி வரிசைக் கடைசியில் திரும்ப இடம் போதாமல் வட்டப்பாத்திக்குள் ஏறிவிட்டது. சொட்டுநீர்க் குழாய் பிளேடில் கயிறு மாதிரி சுற்றிக்கொண்டது. கொடுவாளால் அதை வெட்டி எடுத்தபோது, குழாயோடு விரல் தடிமன் வேர்களும் செக்கச்செவேல் என்று தும்பு தும்பாக வந்தன. யாரோ என்னையே அடித்த மாதிரி இருந்தது எனக்கு.

24 எச்பி மினி டிராக்டர் நாலடிக்கும் குறைந்த அகலம். எடை முக்கால் டன்னுக்குள் அடங்குவதும் உண்டு. பெரியது இரண்டு டன். மூன்றரை, நாலடி ரோட்டவேட்டரோடு மூன்று நாலு தடவை ஓட்ட வேண்டும், நேரம் பிடிக்கும்தான். ஆனால் ஒரு பக்கத்து பிரேக்கை மட்டும் மிதித்தால் சின்ன இடத்திலேயே திரும்பிவிடும். இளங்கன்றுகளின் தாழ்ந்த மட்டையிலும் அவ்வளவாக மாட்டாது.

சரி, பெரிய வண்டிக்கு வேலையே இல்லையா? இருக்கிறது. நம் கரிசல் காய்ந்தால் கல். அப்போது ஒன்பது கொத்துக் கலப்பையை இழுக்க 45 வேண்டும். சின்ன வண்டிக்கு மழை பெய்து பதம் வரும் வரை காத்திருக்க வேண்டும். பதம் தப்பினால் சக்கரம் சும்மா சுற்றும். தேங்காய் ஏற்றிய டிரெய்லரோடு மேடு பள்ளத்தில் போவதற்கும் எடை உள்ள வண்டிதான் பத்திரம், சின்னதை இறக்கத்தில் லோடு தள்ளிவிடும். அப்புறம், ஊருக்கு வாடகைக்கு ஓட்டும் எண்ணம் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், 45 எடுங்கள். மினியை மணி வாடகைக்குக் கூப்பிட ஆள் குறைவு.

இரண்டு ஏக்கருக்குள் வயல் மட்டும் என்றால் கேரள அரசு நிறுவனமான அத்தாணி கேம்கோவின் 12 எச்பி பவர் டில்லரே சேறடிக்கப் போதும். ஆனால் நாள் முழுக்கப் பின்னால் நடக்கத் தோளில் தெம்பு வேண்டும்.

மினி என்று முடிவு செய்தால் நாலு சக்கரமும் இழுப்பதாகவே பாருங்கள், இதில் சமரசம் வேண்டாம். மகிந்திரா ஜீவோ 245, குபோட்டா பி2441 இரண்டுமே 24 எச்பி, இரண்டும் பின்னால் 750 கிலோ தூக்கும். ஜீவோவுக்கு 2 சிலிண்டர், குபோட்டாவுக்கு 3. அதனால் குபோட்டாவில் அதிர்வு குறைவு. எனக்கு முதுகுவலி உண்டு, அதனால் குபோட்டா பக்கம் சாய்வேன். அதைவிட, எந்தக் கம்பெனி மெக்கானிக் கூப்பிட்ட அன்றே வந்து நிற்கிறார் என்று பக்கத்துத் தோட்டத்தில் கேட்டுவிடுங்கள். எச்பியைப் பார்க்கும்போது இன்ஜின் எச்பியை மட்டும் பார்க்காதீர்கள்; ரோட்டவேட்டரைச் சுற்றுவது பிடிஓ எச்பி, அதாவது பின்பக்கச் சுழல்தண்டில் கிடைக்கும் சக்தி, அது எப்போதும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். மத்திய அரசின் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் மானியம் உண்டு, பணம் கட்டும் முன்பே கிருஷி பவனில் (ஊர் வேளாண் அலுவலகம்) கேட்டுவிட வேண்டும்.

என் நாலு ஏக்கரில் மூன்று தென்னை, ஒன்று கடலை போடும் வெறும் நிலம். தோப்புக்கு மினிதான் வாங்கப் போகிறேன். கோடை உழவுக்குப் பெரிய வண்டியைக் கூப்பிடுவேன், அந்த ஒரு ஏக்கருக்கு மட்டும்.