படங்களை அழிக்காமல் பழைய கணினியில் இடம் மீட்ட அனுபவம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக் கணினி 2014-இல் வாங்கியது. 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 8 ஜிபி ரேம், இப்போது விண்டோஸ் 10. வாங்கும்போதே விண்டோஸ் இருக்கும் சி டிரைவுக்கு 120 ஜிபி மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தார்கள், மற்றது டி டிரைவ். 2022-இல் அதில் சிவப்புக் கோடு வந்துவிட்டது, மிச்சம் 2 ஜிபி. ஒரு கடையில் காட்டினேன். எல்லாவற்றையும் அழித்து ஃபார்மட் செய்வதுதான் வழி, 80 வெள்ளி (ரிங்கிட்) ஆகும் என்றார்கள்.

அன்று இரவே மனைவி படங்களை ஒவ்வொன்றாக அழிக்க உட்கார்ந்துவிட்டார். பாதிக்கு மேல் அப்பா பால்மரம் வெட்டிய (ரப்பர் பால் எடுத்த) தோட்டத்துப் படங்கள். லயத்து வீடுகள் (தொழிலாளர் வரிசை வீடுகள்), கோயில் திருவிழா, பால் வாளியோடு அம்மா. அந்த லயம் இன்று இல்லை, அங்கே செம்பனை நிற்கிறது. "கொஞ்சம் பொறும்மா, எது எவ்வளவு இடம் பிடிக்குதுன்னு முதல்ல பார்ப்போம்" என்றேன்.

விண்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருள் ஒவ்வொரு கோப்பையும் அதன் அளவுக்கேற்ற வண்ணக் கட்டமாகக் காட்டும். பார்த்தால், படங்கள் மொத்தமே 11 ஜிபி! இரண்டு பழைய ஐபோன்களுக்கு ஐடியூன்ஸில் எடுத்து வைத்த பேக்கப் மட்டும் 38 ஜிபி. ஆப்டேட்டா என்ற மறைவான ஃபோல்டருக்குள் கிடந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. அந்தப் போன்களே இப்போது வீட்டில் கிடையாது. ஐடியூன்ஸ் அமைப்பில் சாதனங்கள் பகுதிக்குப் போய் அழித்தோம்.

அப்புறம் டவுன்லோட்ஸ். 18 மார்ச் 2020-இல் கொரோனா நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கிய பிறகு மகள் இறக்கி வைத்த பாட வீடியோக்கள் 14 ஜிபி. அவளைக் கேட்டு, வேண்டியதை மட்டும் டி டிரைவுக்கு மாற்றினோம். விண்டோஸோடு வரும் டிஸ்க் கிளீனப்பில் 'கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்' அழுத்தினால்தான் பழைய அப்டேட் கோப்புகள் தெரியும், அதில் 6 ஜிபி கிடைத்தது. ஹைபர்னேட் கோப்பு (கணினியை அணைக்கும்போது திறந்திருந்த வேலையைச் சேமித்து வைப்பது) 3 ஜிபி. கமாண்ட் பிராம்ப்ட்டை நிர்வாகி உரிமையோடு திறந்து, ஹைபர்னேட்டை நிறுத்தும் கட்டளையைக் கொடுத்ததும் அதுவும் போனது. ஆனால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் கூடவே நின்றுவிடும், கணினி திறக்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கிறது. எங்களுக்கு அது பரவாயில்லை.

விண்டோஸின் சொந்தக் கோப்புகள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டர் பெரிதாகத் தெரியும். அதில் மட்டும் கை வைக்காதீர்கள், விண்டோஸே பழுதாகிவிடும்.

மூன்று ஆண்டுகளாக விண்டோஸிலேயே உள்ள ஸ்டோரேஜ் சென்ஸை ஓடவிட்டிருக்கிறேன். தற்காலிகக் கோப்புகளை அதுவே துடைக்கிறது. டவுன்லோட்ஸ் தெரிவை மட்டும் 'நெவர்' என்று வைத்திருக்கிறேன், பிள்ளைகளின் சான்றிதழ்களெல்லாம் அங்கேதான் கிடக்கும். படங்களுக்கு டி டிரைவையும் நம்பவில்லை. அதுவும் அதே டிஸ்க்தானே, ஒன்று போனால் இரண்டும் போகும். தனியாக ஒரு வெளி ஹார்ட் டிஸ்க் வாங்கி ஒரு பிரதி எடுத்து, சித்தப்பா வீட்டில் வைத்திருக்கிறோம்.

14 அக்டோபர் 2025-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் முடிந்தது. விண்டோஸ் 11-ஐ இந்தக் கணினி ஏற்காது. ஆகவே வங்கி வேலையை இதில் நிறுத்திவிட்டோம், இப்போது படங்களுக்கும் தட்டச்சுக்கும் மட்டும்தான். சி டிரைவில் இன்று 41 ஜிபி காலி. அத்தை கொடுத்தனுப்பிய பழைய ஆல்பத்தைப் போன வாரம் ஸ்கேன் செய்யத் தொடங்கினோம், இன்னும் பாதி இருக்கிறது.